பிடிமான வாரம்

தாழைமுனையிலிருந்து இராமநாதபுரம் பத்து மைல். அதில் ஆறு மைல் கப்பி ரோடு. மீதி நாலு மைலுக்கும் சர்க்கார் வரைபடத்தில் ரோடு என்றுதான் பேர். சிவப்பு மசியில் கோடுகூடப் போட்டிருக்கிறார்கள். போட்டவர் அந்தப் பக்கம் வந்ததில்லை. அது முழுக்க மணல். இன்றைக்கு இங்கே இருக்கும் மேட்டைக் காற்று நாளைக்கு அங்கே கொண்டுபோய் வைத்துவிடும். அந்த மணலில் மோட்டார் ஓட்டிப் பிழைத்த ஒரே மனிதன் குருநாதன்.

அவனுடைய வண்டி முப்பதாம் வருஷத்துப் பிளசர் கார். கொழும்பில் கடை வைத்திருந்த ஒரு மரைக்காயர், கடைசிக் காலத்தில் தன் டிரைவரான குருநாதனுக்கே கொடுத்துவிட்டுப் போனது. சக்கரம் பத்தொன்பது அங்குலம். டயரின் அகலம் நாலே முக்கால் அங்குலம். உயரமான, ஒல்லியான சக்கரம். தார் ரோட்டில் ராஜா மாதிரி போகும். மணலில் கத்தி மாதிரி இறங்கும். ஆகவே குருநாதன் ஒரு வழக்கம் வைத்திருந்தான். மணல் தொடங்கும் இடத்தில் இறங்கி, நாலு டயரிலும் பாதிக் காற்றைப் பிடுங்கிவிடுவான். டயர் தொப்பை தள்ளிப் பரந்து உட்காரும், மணலும் ஒரு மாதிரி தாங்கும். கப்பி ரோடு வந்ததும் மறுபடி இறங்கி, கைப்பம்பால் சக்கரத்துக்கு இருநூறு அடி வீதம் காற்றடிப்பான். வண்டியில் வந்தவர்கள் பனை நிழலில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பார்கள். அப்படியும் புதைந்தால், கூரையில் கட்டியிருக்கும் பனை ஓலையை எடுத்துச் சக்கரத்தின் அடியில் பரப்புவான். அதற்கும் மசியாவிட்டால் எல்லோரும் இறங்கித் தள்ளுவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முந்தி, ஓர் ஆவணி மாதம், தள்ள ஆள் இல்லாத நேரத்தில் வண்டி புதைந்தது. உள்ளே அவன் பெண்டாட்டி பூமயில் தலைப்பிரசவ வலியோடு இருந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர ஐந்து மணி நேரமாயிற்று. பிள்ளை செத்துப் பிறந்தது. கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று அங்கே கேட்டார்கள். அன்றிலிருந்து குருநாதன் அதிகம் பேசுவதில்லை. அதைத் துக்கம் என்றும் சொல்ல முடியாது. உள்ளே ஏதோ மரத்துப்போய்விட்டது, அவ்வளவுதான்.

பூமயில் மறுபடி முழுகாமல் இருந்து, மாசியில் ஏழாம் மாதம் நடந்தபோது, இராமநாதபுரத்தில் டயர் ஒட்டும் கடை வைத்திருந்த ஹமீது சுல்தானிடம் அவன் போனான். ஹமீது சுல்தான் யுத்த காலத்தில் மண்டபம் முகாமில் ராணுவ வண்டிகளுக்கு டயர் மாட்டியவர்.

"ஏலே குருநாதா, காத்தப் புடுங்கிப் புடுங்கி எம்புட்டு நாளைக்கு ஓட்டுவ?" என்றார் அவர். "கொக்கு சேத்துல நடந்தாக் காலு இறங்கும். வாத்து நடந்தா இறங்காது. ஒன் வண்டிக்கு இருக்கது கொக்குக் காலு. வாத்துக் காலு மாட்டணும்."

கொட்டகைக்குள்ளிருந்து நாலு சக்கரங்களை உருட்டிக்கொண்டு வந்தார். ராணுவம் கழித்துப்போட்ட ஜீப்பினுடையவை. சக்கரம் பதினாறு அங்குலம், டயரின் அகலம் ஆறு அங்குலம்.

"சக்கரம் சிறுசு, டயரு பெருசு. உள்ள காத்து நெறைய நிக்கும். மெத்துன்னு மணல் மேல படுத்துப் போயிரும். மொத்த ஒசரத்துல அரை அங்குலந்தான் கொறையும், அது வண்டிக்கே தெரியாது."

மாட்டிப் பார்த்தார்கள். ஐந்து போல்ட்டும் சொல்லி வைத்ததுபோல் உட்கார்ந்தன. ஒரு டயரின் பக்கவாட்டில் மட்டும் ஒரு கிழிசல். ஹமீது சுல்தான் அதற்குச் சிவப்பு ரப்பரில் வெற்றிலை வடிவத்தில் ஒரு ஒட்டுப் போட்டார்.

"இன்ஷா அல்லாஹ், இந்தப் புள்ள ஆஸ்பத்திரியிலதான் பொறக்கும். அப்பிடியே ஓட்டிக்கிட்டுப் போ."

"லைசென்சுல பத்தொம்பதுன்னு எழுதியிருக்கே அண்ணே. ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு மாட்டுவோம்" என்றான் குருநாதன். பழைய சக்கரங்களையே மறுபடி மாட்டி, புதியவற்றைக் கூரையில் கட்டினான். அவன் வாழ்க்கையில் செய்த முதல் தப்பு அதுதான். இரண்டாவது தப்பு பின்னால் வருகிறது.

ஒரு வார்த்தை கேட்பதற்கென்றே அந்த வருஷம் இராமநாதபுரத்தில் சக்கர அளவு நிர்ணய அலுவலகம் என்று ஒன்றைத் திறந்திருந்தார்கள். வாசலில் பலகை: 'சரியான அளவு, உறுதியான பிடிமானம், நிதானமான முடிவு.' உள்ளே ஒரு நிர்ணய அதிகாரி, வேல்சாமி என்ற குமாஸ்தா, இரண்டு சேவகர்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்த ஒரு அளவு நாடா. வண்டி ஓட்டத் தெரிந்தவர் என்றால் ஏதாவது ஒரு சக்கரத்தின் பக்கம் மனசு சாய்ந்துவிடும் என்று, அறவே ஓட்டத் தெரியாத ஒருவரைத் தேடிப் பிடித்து அதிகாரியாகப் போட்டிருந்தார்கள். அவர் பேசினால் உட்கார்ந்த இடத்திலேயே மேடை முளைத்துவிடும்.

"பதினாறு அங்குலம்!" என்றார் அவர். "நீர் கேட்பது என்னவென்று உமக்குத் தெரிகிறதா? இந்த ஜில்லாவின் மைல்கற்கள் அனைத்தும் பெரிய சக்கரங்கள் ஓடிய காலத்தில் நடப்பட்டவை. சின்னச் சக்கரம் ஒரு மைலுக்கு அதிகச் சுற்றுச் சுற்றும். அதிகம் சுற்றினால் மைல் நீளும். இராமநாதபுரத்திலிருந்து பரமக்குடியைத் தூரத்தில் தள்ளிவைக்க எனக்கு அதிகாரம் கிடையாது."

வேல்சாமி தலையை நிமிர்த்தினார். அவருக்குப் பரமக்குடியில் வீடு. தினம் ரயிலில் வந்து போகிறவர்.

"டயரோட சேத்து அளந்தா அரை அங்குலந்தாங்கய்யா வித்தியாசம்" என்றான் குருநாதன்.

"அரை அங்குலத்தில்தான் ஐயா எல்லா அராஜகமும் ஆரம்பிக்கிறது." அதிகாரி பேனாவை மூடினார். "இருந்தாலும் இது மக்கள் அரசாங்கம். கேட்பது உம் உரிமை. எழுதிக் கொடும்."

வேல்சாமி சொல்லச் சொல்ல அவன் எழுதினான். இப்போதுள்ள சக்கரங்களுக்கு மணலில் பிடிமானம் இல்லை, என் மனைவிக்கு வைகாசிக் கடைசியில் பிரசவம், அதற்குள் மாற்ற அனுமதி வேண்டும். கையெழுத்து. அதிகாரி வாங்கிப் படித்தார். சேவகர்களைக் கூப்பிட்டார். அவர்கள் முதலில் கூரையில் இருந்த நாலு சக்கரங்களையும் இறக்கிக்கொண்டு போனார்கள். முடிவு தெரியும் முன்பே மனுதாரர் மாட்டிவிடக் கூடாதல்லவா? பிறகு வண்டியைச் செங்கல் மேல் நிறுத்தி, அதில் இருந்த நாலையும் கழற்ற ஆரம்பித்தார்கள்.

"அய்யா, அது என் பழைய சக்கரமுங்க!"

"பிடிமானம் இல்லை என்று உம் கைப்படவே எழுதியிருக்கிறீர். பிடிமானம் இல்லாத சக்கரத்தில் ஒரு பிரஜையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் எப்படித் தூங்குவேன்?"

அவர் சொன்னதில் எங்கேயோ ஒரு நியாயம் இருப்பதுபோல்தான் குருநாதனுக்குப் பட்டது. எங்கே என்று கப்பி ரோடு முடியும் வரை யோசித்துக்கொண்டே வந்தான். அதற்கப்புறம் மணலில் நடக்க வேண்டியிருந்ததால் யோசிக்க முடியவில்லை.

பங்குனி பிறந்ததும் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பிடிமானச் சோதனைக்காக, மேற்படி ரோட்டின் மணலைப் பர்லாங்குக்கு ஒரு டப்பா வீதம் அள்ளி, அரக்கு முத்திரை வைத்து, கிராம முன்சீப் கையெழுத்தோடு ஆஜர்படுத்தவும். நாலு மைலுக்கு முப்பத்திரண்டு பர்லாங். ஊரில் யார் வீட்டிலும் அதற்குமேல் மிளகாய்ப்பொடிக்கு டப்பா மிச்சமில்லை. குருநாதன் அவற்றைச் சாக்கில் கட்டி முதுகில் சுமந்து, மணல் மேலேயே மணலைத் தூக்கிக்கொண்டு நடந்தான். வழியில் கண்டவர்கள் என்னவென்று கேட்டார்கள். மணல் என்றான். அவர்கள் மேலே கேட்கவில்லை.

சோதனை அலுவலக முற்றத்தில் சிமெண்டுத் தரையில் நடந்தது. ஒரு தாம்பாளத்தில் ஒரு டப்பா மணலைக் கொட்டி, அதன்மேல் பழைய டயரை நிறுத்தி, அதிகாரி தம் வலது கையால் ஒரு அமுக்கு அமுக்கினார். ஒரு விரற்கடைக்குக் கீழே தாம்பாளம். அதற்குக் கீழே சிமெண்டு.

"புதையவில்லை" என்றார் அதிகாரி.

"புதையவில்லை" என்று வேல்சாமி எழுதினார்.

முப்பத்திரண்டு தடவையும் புதையவில்லை. கடைசியில் அதிகாரிக்குக் கை வலித்தது. சேவகர் தைலம் தேய்த்துவிட்டார்.

"அய்யா, அங்கன மணல் ஆளு ஒசரத்துக்குக் கெடக்கு. வண்டியில பாரமும் இருக்கும்" என்றான் குருநாதன்.

"நாங்கள் மணலின் தன்மையைத்தான் சோதிப்போம், அளவை அல்ல. அளவு என்பது சக்கரத்துக்கு மட்டுமே. இலாகாவின் பெயரே அதுதானே?"

அவன் வண்டி முற்றத்து வேப்பமரத்தடியில் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. பின்சீட்டில் சேவகர்கள் சாப்பாட்டுத் தூக்குகளை வைத்திருந்தார்கள். ரயிலுக்கு நேரமாகும் வரை வேல்சாமி முன்சீட்டில் கண்ணயர்வதும் உண்டு. போகும்போது குருநாதன் கதவை ஒரு தரம் திறந்து மூடிவிட்டுப் போனான். திறந்து மூடுவது மட்டும் இன்னும் அவன் இஷ்டத்தில் இருந்தது.

சித்திரையில், ஒன்பதாம் மாதத்தில், ஸ்தல ஆய்வு. தாழைமுனைக்கு ஜீப்பில் அதிகாரியும் வேல்சாமியும் வந்து இறங்கினார்கள். வந்த வேகத்தைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. எங்கேயும் புதையவில்லை, ஓலை போடவில்லை, யாரும் இறங்கித் தள்ளவில்லை. பூமயில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து நுங்கு சீவிக் கொடுத்தாள்.

"அருமையான ரோடு" என்று நுங்கை உறிஞ்சியபடி சொன்னார் அதிகாரி. "இதையா குறை சொன்னீர்? நான் ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கும் நேரத்தில் வந்துவிட்டேன்."

குருநாதன் அவரைப் பார்க்கவில்லை. ஜீப்பின் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். டயரின் பக்கவாட்டில் சிவப்பு ரப்பரில் ஒரு வெற்றிலை.

"அய்யா, இது என் டயருங்க."

"உம்முடையதாக இருந்தது. இப்போது காவலில் உள்ள பொருள். சும்மா போட்டுவைத்தால் ரப்பர் வீணாகிவிடும். ஆகவே இலாகா அதை ஓட்டிப் பாதுகாக்கிறது. நீர் நன்றி சொல்ல வேண்டும்."

"அப்ப இந்த டயரு மணல்ல போகும்னு அய்யாவே பாத்துட்டீகள்ல? இதத்தானே நான் கேட்டேன்?"

அதிகாரி சிரித்தார். விஷயம் தெரியாதவர்களிடம் பொறுமையாக இருப்பது அவருக்குப் பழக்கம். "நான் ஆய்வு செய்ய வந்தது ரோட்டை. டயரை அல்ல. ரோடு நன்றாயிருக்கிறது என்று கண்டேன். நல்ல ரோட்டுக்குப் புது டயர் எதற்கு என்ற கேள்வி இப்போது எழுகிறது. எழுதிக்கொள்ளும் வேல்சாமி, கேள்வி எழுகிறது."

வேல்சாமி எழுதிக்கொண்டார். அவரை ஒன்றும் சொல்வதற்கில்லை. குருநாதனை ஓரமாகக் கூப்பிட்டு, இறுதி விசாரணை வைகாசி இருபது என்றும், அன்றைக்கு எப்படியும் முடிந்துவிடும் என்றும் அவர்தான் சொன்னார்.

குருநாதனுக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. ஹமீது சுல்தானின் மனைவி லத்தீபா, மாசம் முற்றிய பிள்ளையை மணலில் வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள், வைகாசி பிறந்ததும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விடுங்கள் என்று சொல்லியிருந்தாள். அவர்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். அதை அதிகாரியிடம் கேட்டான். நிஜமாகவே கேட்டான், தன் பெண்டாட்டியை எங்கே வைத்துக்கொள்ளலாம் என்று.

"தாராளமாகக் கொண்டுபோம்" என்றார் அதிகாரி. "ஆனால் உம் மனைவி டவுனுக்கு வந்துவிட்டால் மணலைக் கடக்கும் தேவை அற்றுப்போகிறது. தேவை அற்ற மனுவை நான் எப்படி விசாரிப்பேன்? தள்ளுபடி செய்ய வேண்டியதுதான். சக்கரங்களும் பறிமுதலாகும். இருபதாம் தேதி வரை இங்கேயே இருந்தால் மனுவுக்கு உயிர் இருக்கும்."

பூமயில் கையிலிருந்த நுங்கு மட்டையைக் கீழே போட்டுவிட்டு நேராகக் கேட்டாள்: "இருவதுக்குள்ள எனக்கு வலி வந்துட்டா?"

"பிரசவத்தைக் குறித்த தேதியில் நடத்த இயற்கைக்குத் தெரியாதம்மா. இலாகாவுக்குத் தெரியும். இரண்டில் நம்பத் தகுந்தது எது என்று நீயே யோசித்துப் பார்."

இரண்டாவது தப்பு இதுதான்: குருநாதன் நம்பினான். மருத்துவச்சி சோணையம்மாள் மாசக் கடைசி என்று சொல்லியிருந்தாள். இருபதாம் தேதி வண்டி கைக்கு வந்தால் பத்து நாள் மிச்சம் இருக்கிறது. அதைவிட, அவன் மனசுக்குள் ஒரு பிடிவாதமும் இருந்தது. இந்தத் தடவை தன் வண்டியில், தானே, மணலை ஒரு மூச்சில் தாண்டிக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்க வேண்டும். அந்தப் பாழாய்ப்போன ஆவணி மாதத்தை அப்படித்தான் அழிக்க முடியும் என்று அவனுக்குத் தோன்றியது. வைகாசி முதல் வாரம் லத்தீபா ஆள் சொல்லி அனுப்பினாள். இருபதாந்தேதி ஆகட்டும் என்று பதில் சொல்லி அனுப்பினான்.

வைகாசி பதினாலு, காலை வெயில் ஏறும் நேரத்தில் பூமயிலுக்கு வலி கண்டது.

கச்சான் காற்று பலமாகப் பிடித்துவிட்டதால் வத்தைப் படகு ஒன்றும் கடலில் இறங்கவில்லை. மாட்டு வண்டி கட்டினார்கள். அதன் இரும்புப் பட்டைச் சக்கரம் குருநாதனின் சக்கரத்தைவிட ஒல்லி. முதல் மைல் முடியும் முன் அச்சு வரை இறங்கிவிட்டது. அவளைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி நாலு பேர் தூக்கினார்கள். மணல் கொதித்தது. ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் வரை புதைந்து, காலைப் பிடுங்கி அடுத்த அடி வைத்தார்கள். இரண்டாவது மைலில் சோணையம்மாள் கட்டிலை இறக்கச் சொன்னாள். இரண்டு பனைமரத்தின் நடுவே சேலையைக் கட்டி மறைத்தார்கள்.

பெண் பிள்ளை. இரண்டு தரம் அழுதது. அப்புறம் நிறம் மாறியது. உச்சி வெயிலில் பிறந்து, வெயில் தாழுமுன் போய்விட்டது. ஆஸ்பத்திரியாக இருந்தால் மூச்சுக் கொடுத்துப் பிழைக்க வைத்திருப்பார்கள் என்று சோணையம்மாள் பிறகு சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

குருநாதன் அழவில்லை. அழ வேண்டும் என்று தெரிந்தது, வரவில்லை. பூமயில் அவனை ஒரு வார்த்தை ஏசவில்லை, ஏன் லத்தீபாக்கா வீட்டுக்கு அனுப்பவில்லை என்று கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. வீட்டில் இரண்டு பேரும் சோறு தின்றார்கள், தண்ணீர் எடுத்தார்கள், வாசல் கூட்டினார்கள். இருபதாம் தேதி விசாரணைக்கு அவன் போகவில்லை. போகாதது அலுவலகத்தில் ஒரு குறையாகவே தெரியவில்லை. அன்றைக்கு அதிகாரி திருவாடானைத் தேர் பார்க்கப் போயிருந்தார். நடந்ததை மட்டும் ஹமீது சுல்தான் போய் வேல்சாமியிடம் சொன்னார். வேல்சாமி அதைக் கோப்பில் சேர்த்தார்.

ஆனி பத்தாம் தேதி வாக்கில் ஓர் அழைப்பிதழ் வந்தது. அலுவலகம் பிடிமான வாரம் கொண்டாடுகிறது, நிறைவு விழாவில் மனுதாரர் குருநாதன் கௌரவிக்கப்படுவார், வண்டியும் சக்கரங்களும் அப்போது ஒப்படைக்கப்படும், தவறாது வரவும்.

"போயி வண்டிய எடுத்துட்டு வாங்க" என்றாள் பூமயில். அவள் ஒரு மாதத்தில் பேசிய நீளமான வாக்கியம் அது.

முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் அவன் வண்டியைக் கழுவித் துடைத்து, இன்னும் செங்கல் மேலேயே நிறுத்தி, காகிதத் தோரணம் கட்டியிருந்தார்கள். எட்டுச் சக்கரங்களும் வரிசையாக, சந்தனப் பொட்டோடு. பள்ளிக்கூடப் பெண்கள் இறைவணக்கம் பாடினார்கள். குருநாதனை முன்வரிசையில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். நிர்ணய அதிகாரி எழுந்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! இதோ நிற்கிறதே இந்த வண்டி, இது எங்கள் பொறுப்புக்கு வரும் முன்பு மணலில் மாதம் நாலு முறை புதைந்த வண்டி. வழுக்கிய வண்டி. எங்கள் பொறுப்புக்கு வந்து இன்றோடு நூற்றுப் பதினெட்டு நாட்கள். இந்த நூற்றுப் பதினெட்டு நாட்களில் இது ஒரு தடவையாவது புதைந்ததா? வழுக்கியதா? இல்லை! இதுதான் பிடிமானம். இதைவிட உறுதியான பிடிமானத்தை உலகத்தில் எந்தத் தேசம் கொடுத்திருக்கிறது?"

கைதட்டினார்கள். செங்கல் மேல் நின்ற வண்டியைப் பார்த்தும் தட்டினார்கள்.

"சிலர் எங்களைத் தாமதம் செய்கிறோம் என்கிறார்கள். மனுதாரர் குருநாதன் பிரசவ அவசரம் என்று எழுதியிருந்தார். அன்பர்களே, அவசரத்தில் எடுக்கும் முடிவு தவறிப்போகும். வேறொரு அதிகாரியாக இருந்தால் பதறியிருப்பார். நான் பதறவில்லை. சென்ற மாதம் பதினாலாம் தேதியோடு அந்த அவசரம் இயற்கையாகவே நீங்கிவிட்டதாகக் கோப்பில் காண்கிறேன். இனி நெருக்கடி இல்லை. ஆகவே நிதானமான மனநிலையில், பதினாறு அங்குலச் சக்கரத்துக்கும் ஆறு அங்குல டயருக்கும் இன்று அனுமதி வழங்குகிறேன்!"

இந்தத் தடவை கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று. மனுதாரர் இரண்டு வார்த்தை பேசுவார் என்று அறிவித்தார்கள். ஒலிபெருக்கியின் முன்னால் குருநாதன் போய் நின்றான். மாலை கழுத்தை அறுத்தது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"வைகாசி பதினாலாந்தேதி உச்சியில எனக்குப் பொம்பளப்புள்ள பொறந்துச்சு. ரெண்டாவது மைலுல. வெயில் தாழ முன்னாடி போயிருச்சு. இருவதாந்தேதி வரைக்கும் ஊர்லயே இருக்கணும்னு சொன்னாக. அதனால ஊர்லயே வச்சிருந்தேன். நாந்தான் வச்சிருந்தேன். அம்புட்டுத்தான்."

பேசி முடித்தால் கைதட்டுவது வழக்கம், தட்டினார்கள். வேல்சாமி மட்டும் தட்டவில்லை. அவர் நிகழ்ச்சிக் குறிப்புப் புத்தகத்தை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 'மனுதாரர் இலாகாவுக்கு நன்றி கூறினார்' என்று அதில் முன்கூட்டியே அச்சடித்திருந்தது. தேதியை மட்டும் நிரப்ப வேண்டும். நிரப்பினார். குருநாதன் கீழே கையெழுத்துப் போட்டான்.

சக்கரங்களை மாட்ட ஹமீது சுல்தான் வந்திருந்தார். இருபது போல்ட்டையும் முடுக்கினார். கடைசிப் போல்ட்டில் அவர் கை நின்றது.

"நான் சொன்னப்பவே மாட்டிக்கிட்டுப் போயிருக்கலாம்லடா" என்றார். குருநாதன் சாவியைப் போட்டான்.

கப்பி ரோடு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. காற்றைப் பிடுங்க இறங்கினவன், வேண்டியதில்லை என்று நினைவு வந்து மறுபடி ஏறினான். வண்டி மணலுக்குள் போயிற்று. உறுமவில்லை, திணறவில்லை, சக்கரம் சும்மா சுழலவில்லை. மெத்தென்று மேலேயே போய்க்கொண்டிருந்தது. மணலில் பாதி தாண்டியதும் அந்த இரண்டு பனைமரம் வந்தது, கடந்து போயிற்று. இவ்வளவு லேசாகவா இருந்தது என்று நினைத்தான். கொஞ்சம் புதைந்தாலாவது பரவாயில்லை என்றிருந்தது. புதையவில்லை.

சத்தம் கேட்டுப் பூமயில் வெளியே வந்தாள். வண்டியைச் சுற்றி வந்து டயர்களைப் பார்த்தாள். குனிந்து ஒன்றைத் தொட்டாள்.

"எங்கயும் நிக்கலையா?"

"நிக்கல."

அவள் உள்ளே போய் மாற்றுச் சேலை உடுத்திக்கொண்டு வந்தாள். பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"எங்கன போகணும்?" என்று கேட்டான்.

"ஆஸ்பத்திரிக்கு."

"என்ன புள்ள, ஒடம்புக்கு எதுவும் செய்யுதா?"

"போங்க" என்றாள்.

அவன் வண்டியைத் திருப்பினான். மணல் நாலு மைலும் ஒரு மூச்சில் போயிற்று. கப்பி ரோடு ஆறு மைலும் போயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். இறங்கி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். அவள் இறங்கவில்லை. வாசற்படியையும், உள்ளே போய் வரும் ஆட்களையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் குருநாதனுக்குக் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. துடைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

கார் நிற்பதைப் பார்த்து ஒரு நர்ஸம்மா வேகமாகப் படியிறங்கி வந்தாள். வண்டிக்குள் குனிந்து பார்த்தாள்.

"யாருக்கு? என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லைம்மா" என்றாள் பூமயில். "வந்து சேர எம்புட்டு நேரம் ஆகும்னு பாக்க வந்தோம்."